திருவக்கரைக் கல்மரத்தில் பழைய மழையைப் படிப்பது எப்படி

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பலர் கால் மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். கல்லாகிப்போன மரக்கட்டையைப் பார்ப்பார்கள், தட்டுவார்கள், "அட, நிஜமாவே கல்லுதான்" என்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அப்புறம் பக்கத்தில் இருக்கும் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விடுவார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம். அந்தக் கட்டைகள் ஒவ்வொன்றிலும் அவை உயிரோடு நின்ற காலத்தின் தட்பவெப்பம் பதிந்திருக்கிறது. ஒரு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதை நீங்களே படிக்கலாம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள். மாணவர்களை அங்கே கூட்டிப்போய்ப் பழக்கப்பட்டதால் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பின்னால் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்த மரங்கள் டெர்ஷியரி என்ற புவிக்காலத்தைச் சேர்ந்தவை. அது டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பனியுகங்கள் மாறி மாறி வரத் தொடங்கிய சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை நீண்ட காலம். அதற்குள் பேலியோசீன், இயோசீன், ஒலிகோசீன், மயோசீன், பிளியோசீன் என்று ஐந்து பிரிவுகள். இப்போதைய பாடப்புத்தகங்கள் முதல் மூன்றையும் சேர்த்துப் பேலியோஜீன் என்றும், பின்னிரண்டையும் நியோஜீன் என்றும் சொல்கின்றன. டெர்ஷியரி என்ற பெயர் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இப்போது இல்லை. ஆனால் நம் ஊர்ப் பாறைகளைப் பற்றிய பழைய கட்டுரைகளிலும் வரைபடங்களிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். அதனால் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

திருவக்கரை மரங்கள் இந்தக் காலத்தின் பின்பகுதியைச் சேர்ந்தவை. மயோசீன் முதல் பிளியோசீன் வரை படிந்த, கடலூர் மணற்கல் என்று பெயர் பெற்ற பாறை அடுக்குக்குள் அவை இருக்கின்றன. வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 18 மீட்டர் நீளத்துக்கு மேல் ஒற்றையாகக் கிடக்கும் அந்த மரம் கிரெட்டேஷியஸ் காலத்தது, டைனோசர்கள் நடமாடிய காலத்தது. சாத்தனூரும் திருவக்கரையும் ஒரே கதை என்று நினைத்துப் போனால் எதுவும் விளங்காது.

பூங்காவுக்கு முன்னால் மரவாடிக்குப் போங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். கல்லில் மரத்தைப் படிக்க வேண்டுமானால் மரத்தில் மரத்தைப் படித்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்துக்கு மரவாடித் தொழில். அப்பா எந்தக் கட்டையையும் பக்கவாட்டில் பார்த்துப் பெயர் சொல்ல மாட்டார். அறுத்த வெட்டுமுகத்தில் உளியால் ஒரு சீவு சீவி, ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்த பிறகுதான் சொல்வார். பக்கவாட்டு ரேகையில் எந்த மரமும் ஏமாற்றும், வெட்டுமுகம் ஏமாற்றாது. தாவரவியல் படித்தபோது பேராசிரியர் நுண்ணோக்கியில் காட்டியதும் அதே வெட்டுமுகத்தைத்தான்.

நீங்களும் அதையே செய்யுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், நகை வேலை செய்கிறவர்கள் வைத்திருப்பதுதான். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பொருளை அதன் அருகே கொண்டுவர வேண்டும். பெரிய கட்டையானால் முகத்தையே கட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். லென்ஸைக் கட்டையின் மேல் வைத்துவிட்டுத் தூர நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மரவாடியில் நாலைந்து துண்டுகள் கேட்டால் கொடுப்பார்கள். தேக்கு, வாகை, மா, கோங்கு அல்லது மலேசியா சால். இவை போதும். ஒவ்வொன்றின் வெட்டுமுகத்தையும் புது பிளேடால் மெல்லச் சீவி, நனைத்துப் பாருங்கள்.

தேக்கில் வளையம் பளிச்சென்று தெரியும். வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், போகப்போகச் சிறுத்துவிடும். அந்தத் துளைகள்தான் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்கள். கோடையில் இலையுதிர்த்துச் சும்மா நின்ற மரம், மழை வந்ததும் அவசரமாகப் பெரிய குழாய்களைக் கட்டியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு நீண்ட வறட்சி உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

மாவிலும் வாகையிலும் துளைகள் வெட்டுமுகம் முழுக்கப் பரவலாக இருக்கும். வாகையை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு துளையையும் சுற்றி வெளிர்நிறத் திட்டு இருக்கும், சில இடங்களில் அது இரண்டு பக்கமும் கூர்ந்து கண் வடிவில் நீண்டிருக்கும். பயறு, புளி, கொன்றை, வாகை எல்லாம் அடங்கிய குடும்பத்தில் அடிக்கடி காணும் அடையாளம் அது. கோங்கிலும் மலேசியா சாலிலும் இன்னொன்று தெரியும். துளைகளைத் தவிர, வெள்ளைப் புள்ளிகள் கோடு பிடித்தமாதிரி வரிசையாக ஓடும். அவை பிசின் குழாய்கள். குங்கிலியக் குடும்பத்தின் முத்திரை.

கடைசியாக ஊசியிலை மரம். பெட்டி செய்யும் பைன் பலகைத் துண்டு எங்கேயும் கிடைக்கும். அதில் தண்ணீர்த் துளையே இருக்காது. லென்ஸில் வெறும் வழுவழுப்பாகத் தெரியும், அங்கங்கே ஒரு பிசின் புள்ளி இருந்தால் உண்டு.

துளை உண்டா இல்லையா, பரவலா வரிசையா, சுற்றிலும் வெளிர் திட்டு உண்டா, பிசின் கோடு உண்டா. இந்த நான்கு கேள்விகளும் மனதில் பதிந்துவிட்டால் நீங்கள் தயார்.

போகும் வழியும் நேரமும்

ஊர் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து வந்தாலும் புதுச்சேரியிலிருந்து வந்தாலும் மயிலம்–புதுச்சேரி சாலையைப் பிடித்துப் பெரும்பாக்கம் வழியாகத் திரும்ப வேண்டும். பௌர்ணமி அன்று போகாதீர்கள். அம்மன் கோயில் கூட்டத்தில் வண்டி நிறுத்தவே இடம் இருக்காது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலைதான் நான் விரும்பும் நேரம். கல் நனைந்திருந்தால் உள்ளமைப்பு தானாகவே எடுப்பாகத் தெரியும், சாய்வெயிலில் வளையங்களும் நன்றாகத் தெரியும். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது.

லென்ஸ், தண்ணீர் பாட்டில், சின்னத் துணி, நோட்டு, பென்சில், அளவுக்கு ஒரு அடிக்கோல். சுத்தியல் கூடவே கூடாது.

உள்ளே போனதும்

இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் 1940லிருந்து இருக்கும் இடம் இது. மொத்தம் 247 ஏக்கர், ஒன்பது துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது சிறு பகுதி. அது போதும்.

உடனே கட்டைக்குப் பக்கத்தில் ஓடாதீர்கள். நின்று, அவை எப்படிக் கிடக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. எதற்கும் கிளையில்லை, வேரில்லை, பட்டையும் காணோம். நின்ற இடத்திலேயே கல்லான காடாக இருந்தால் அடிக்கட்டைகள் நேராக நிற்கும், வேர்கள் மண்ணுக்குள் பரவியிருக்கும். இங்கே அப்படி இல்லை. இவை வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை. உருண்டு வந்ததில் கிளையும் பட்டையும் போய்விட்டன.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் கட்டையிலிருந்து எந்தத் தட்பவெப்பத்தைப் படித்தாலும் அது நீங்கள் நிற்கும் இந்த இடத்தின் தட்பவெப்பம் மட்டுமே என்று சொல்ல முடியாது. ஆறு எங்கிருந்து வந்ததோ அந்த மேட்டுநிலத்தின் தட்பவெப்பமும் சேர்த்துத்தான். இந்த ஒரு எச்சரிக்கையை மனதில் வைத்துக்கொண்டால், பிறகு சொல்லும் முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

அடுத்து, தரையைப் பாருங்கள். மழைநீர் அறுத்த ஓடைக் கரைகளில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக மணல் அடுக்குகள் தெரியும். சில அடுக்குகள் கிடையாக இல்லாமல், சாய்த்து அடுக்கிய ஓடுகள் மாதிரி ஒரே பக்கம் சரிந்திருக்கும். ஓடும் தண்ணீர் மணலைத் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கமாகக் கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். சரிவு எந்தத் திசையில் இறங்குகிறதோ ஆறு அந்தத் திசையில் ஓடியது. கைபேசியில் திசைகாட்டி இருக்கிறதல்லவா, வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இடையிடையே கூழாங்கல் அடுக்கு வரும். மணலை மட்டும் கொண்டுவரும் ஆறு அமைதியானது, முஷ்டி அளவு கூழாங்கல்லைக் கொண்டுவரும் ஆறு வெள்ளத்தில் பொங்கியது. பெரிய மரத்தை வேரோடு சாய்த்துக் கொண்டுவந்ததும் அப்படிப்பட்ட வெள்ளம்தான்.

அந்த வெள்ளம் மரத்தை உடனே மணலில் புதைத்ததால்தான் அது இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. காற்றுப் பட்டுக் கிடந்த மரத்தைச் சில வருடங்களில் கரையானும் பூஞ்சையும் தின்றுவிடும். காற்றில்லாமல் புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் மெல்ல ஊறியது. அந்த நீரில் கரைந்திருந்த சிலிக்கா ஒவ்வொரு செல்லுக்குள்ளும் படிந்து இறுகியது. செல்லின் சுவர் எந்த வடிவில் இருந்ததோ அந்த வடிவம் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் மரவாடியில் பார்த்ததை இங்கேயும் பார்க்க முடிகிறது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் இரும்பால் வந்தவை, கருமை பெரும்பாலும் மாங்கனீசு. மரத்தின் சொந்த நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செம்மரம் என்று யாராவது கைகாட்டினால் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

வெட்டுமுகத்தைப் படித்தல்

இப்போது ஒரு கட்டையைத் தேர்ந்தெடுங்கள். குறுக்காக உடைந்த முகம் உள்ளதாக, வெயில் பக்கவாட்டில் படுவதாக இருக்கட்டும். நனைத்த துணியால் தூசியை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

முதலில் வெறும் கண்ணால் மையம் எங்கே என்று தேடுங்கள். மையத்திலிருந்து வெளிப்பக்கம் சக்கரத்தின் ஆரக்கால் திசையில் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். அவை கதிர்கள். பிறகு லென்ஸை எடுங்கள்.

துளைகள் தெரிகின்றனவா? பல கட்டைகளில் தெரியும், ஊசிமுனை அளவில், கண்ணாடிபோன்ற சிலிக்கா அடைத்துக்கொண்டு. அவற்றின் பரவலைக் கவனியுங்கள். நான் பார்த்த கட்டைகளில் பெரும்பாலானவற்றில் துளைகள் சீராகப் பரவியிருக்கின்றன. தேக்கில் கண்ட மாதிரிப் பெரிய துளை வரிசை அரிது. வளையம் என்று தெரிவதும் மங்கலாக, விட்டுவிட்டுத்தான் இருக்கிறது. அதாவது வருடத்தில் நீண்ட நாள் வளர்ச்சியை நிறுத்த வேண்டிய கட்டாயம் அந்த மரத்துக்கு வரவில்லை. வறட்சி இருந்திருந்தாலும் குறுகியது.

அப்புறம் கட்டையின் அகலம். அடிக்கோலால் அளந்து பாருங்கள். ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் கட்டைகள் உண்டு. இதை எதோடு ஒப்பிடுவது என்று கேட்டால், நான் எப்போதும் மாணவர்களை அன்று மாலையே மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குக் கூட்டிப்போவேன். இந்தக் கடலோரத்தில் மனிதன் வெட்டாமல் விட்டால் இன்றைய தட்பவெப்பத்தில் எந்தக் காடு வளரும் என்பதற்கு அதுதான் மிச்சமிருக்கும் சாட்சி. வீரை, உலக்கைப் பாலை, காசான். பச்சை குறையாத காடுதான், ஆனால் மரங்கள் குட்டை. தண்டு ஒல்லி. இலை சின்னது, தடித்தது. ஐப்பசி, கார்த்திகை மழையை வைத்துக்கொண்டு மீதி மாதங்களைச் சமாளிக்கும் காடு அது. திருவக்கரைக் கட்டையின் பருமனை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் காட்டுக்குள் நடந்து பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே உறைக்கும்.

லென்ஸோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. இன்ன பேரினம் என்று சொல்ல, கல்லை 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து ஒளி ஊடுருவும் சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கடலூர் மணற்கல் மரங்களில் சி.ஜி.கே. ராமானுஜமும், லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்து என். அவஸ்தியும் அப்படிப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அவர்களும் மற்றவர்களும் கண்டவற்றில் பயறு–புளிக் குடும்பம், மருது–கடுக்காய்க் குடும்பம், புன்னைக் குடும்பம், மாங்குடும்பம், குங்கிலியக் குடும்பம் எல்லாம் இருக்கின்றன. துளையே இல்லாத ஊசியிலை வகைக் கட்டையும் இருக்கிறது, பொடோகார்ப் குடும்பத்துச் சாயலில்.

இந்தப் பட்டியலை அப்படியே கடந்துபோகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் "இதன் உறவினர் இன்று எங்கே நிற்கிறார்?" என்று கேளுங்கள். நான் சொல்லும் முறையின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. புளியும் மருதும் இன்றும் இந்த ஊர்ச் சாலையோரத்திலும் ஆற்றங்கரையிலும் நிற்கின்றன. அவற்றால் நமக்கு அதிகம் துப்பு கிடைக்காது. ஆனால் குங்கிலியக் குடும்பத்தின் பெருமரங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் மலேசியா, போர்னியோ காடுகளிலும்தான் அதிகமாக ஓங்கி நிற்கின்றன. பொடோகார்ப் குடும்பத்தில் தென்னிந்தியாவில் இயற்கையாக இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு மரம், நாகெயா வாலிச்சியானா. அகத்தியமலை மாதிரியான ஈரக்காடுகளுக்குள் போனால்தான் அதைப் பார்க்க முடியும். இவற்றின் உறவினர் ஒரு காலத்தில் திருவக்கரைக்கு மேற்கே எங்கோ நின்று, ஆற்றில் விழுந்து இங்கே வந்திருக்கிறார்கள். ஆக, இன்று கொல்லத்துக்கும் கொச்சிக்கும் மேலே மலையில் பெய்வதைப் போன்ற மழை அன்று கிழக்குப் பக்கமும் பெய்தது.

ஏன் அவ்வளவு மழை?

இங்கேதான் உலகக் கதை உள்ளே வருகிறது. அதைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், கட்டையிலிருந்து பின்னோக்கிப் போய்ப் புரிந்துகொள்வது நல்லது.

ஒரு காரணம், அன்று நாம் இங்கே இல்லை. இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, இன்றும் வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் நகர்கிறது. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் திருவக்கரை இன்றைவிடப் பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தது. வருடம் முழுக்க மழை பெறும் பட்டைக்குப் பக்கத்தில்.

இன்னொரு காரணம், உலகமே அன்று இன்றைவிடச் சூடாக இருந்தது. 1.7 கோடி ஆண்டிலிருந்து சுமார் 1.5 கோடி ஆண்டுவரை மயோசீனின் உச்ச வெப்பகாலம். அதையும் தூக்கிச் சாப்பிடும் வெப்பம் அதற்கு முன்பே வந்துபோயிருந்தது. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பேலியோசீன் முடிந்து இயோசீன் தொடங்கும் கட்டத்தில், காற்றிலும் கடலிலும் பெருமளவு கார்பன் சேர்ந்து, சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் உலக சராசரி வெப்பம் 5 டிகிரி அளவுக்கு ஏறியது. இயோசீனின் முற்பகுதியில் துருவங்களில் பனிப்படலமே கிடையாது. கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் முதலை இனமும் ஆமையும் தபீர் போன்ற விலங்கும் வாழ்ந்ததற்கு எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நம் நாட்டிலும் சாட்சி உண்டு. குஜராத்தின் கட்ச்சில் பானந்திரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த வாசுகி இண்டிகஸ் என்ற பாம்பின் நீளம் 11 முதல் 15 மீட்டர் என்று மதிப்பிட்டு 2024ல் அறிவித்தார்கள். வயது 4.7 கோடி ஆண்டு. பாம்பு குளிர் ரத்தப் பிராணி, சுற்றுப்புறச் சூட்டை வைத்துத்தான் அதன் உடல் இயங்கும். அவ்வளவு பெரிய பாம்பு வளர்ந்தால் அந்த ஊர் எவ்வளவு சூடு என்று ஊகிக்கலாம். அதே கட்ச்சின் இயோசீன் பாறைகளில், காலோடு இருந்த பழைய திமிங்கிலங்களின் எலும்புகளும் கிடைக்கின்றன. மான் அளவுகூட இல்லாத இண்டோஹியஸ் என்ற குளம்புப் பிராணி ஜம்மு–காஷ்மீரின் கலாகோட்டில் கிடைத்தது. அதன் காது எலும்பு திமிங்கிலத்தின் காது எலும்பை ஒத்திருப்பதை 2007ல் காட்டினார்கள். திமிங்கிலம் கடலுக்குள் இறங்கிய இடங்களில் ஒன்று நம் துணைக்கண்டத்தின் கரை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பிறகு பூமி குளிரத் தொடங்கியது. 3.4 கோடி ஆண்டு வாக்கில் அண்டார்டிகாவில் பெரும் பனிப்படலம் பிடித்தது. காற்றில் கரியமில வாயு குறைந்ததும், அண்டார்டிகா மற்றக் கண்டங்களிலிருந்து பிரிந்து சுற்றிலும் கடல் திறந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நடுநடுவே சூடேறினாலும் மொத்தப் போக்கு குளிர்ச்சிதான். இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். கடலடியில் துளையிட்டு எடுத்த சேற்றில் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள் இருக்கும். அந்த ஓட்டில் கனமான ஆக்சிஜனும் லேசான ஆக்சிஜனும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது, அது வளர்ந்த தண்ணீரின் குளிர்ச்சியையும் அன்று உலகில் இருந்த பனியின் அளவையும் பொறுத்தது. அடுக்கடுக்காக அளந்துகொண்டே போனால் 6.6 கோடி ஆண்டுக்கும் வெப்பநிலைக் கோடு கிடைத்துவிடும்.

திருவக்கரை மரங்கள் நிற்பது அந்தக் கோட்டின் கடைசி மேட்டுக்குப் பக்கத்தில். அதன்பின் இமயம் உயர்ந்து, வருடம் கோடைக்காலம், மழைக்காலம் என்று பிரிந்து, வறண்ட மாதங்கள் நீண்டன. 80 லட்சத்திலிருந்து 60 லட்சம் ஆண்டுகளுக்குள் இமயத்தின் சிவாலிக் அடிவாரத்தில் மரங்கள் பின்வாங்கிப் புல்வெளி பரவியது. சோளமும் கரும்பும் சேர்ந்த வகைப் புற்கள் அவை, வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாதவை. மண்ணில் உள்ள கார்பன் அணுக்களிலும் மேய்ந்த விலங்குகளின் பல்லிலும் அந்த மாற்றம் பதிந்திருக்கிறது. தென்னாட்டில் மழைக்காட்டு மரங்கள் மேற்கு மலையின் ஈர மடிப்புகளுக்குள் ஒதுங்கின. அதனால்தான் நாகெயாவைப் பார்க்க இன்று அகத்தியமலை ஏற வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று. 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பிளியோசீன் நடுவில், காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 400 பங்கு அளவில் இருந்தது. உலகம் இன்றைவிட 2 முதல் 3 டிகிரி சூடு, கடல் பல மீட்டர் உயரம். இன்று அந்த அளவு 420ஐத் தாண்டிவிட்டது. கல்மரத்தின் முன் நின்று பிள்ளைகளிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நேரம் விடுங்கள். கேள்விகள் தானாக வரும்.

கண் பழகிய பிறகு

நெய்வேலி அடுத்த இடம். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது, பள்ளி, கல்லூரி மூலம் எழுதிக் கேளுங்கள். மேலே அதே கடலூர் மணற்கல், அடியில் கருப்பாகப் பழுப்பு நிலக்கரி. ஒரு காலத்துச் சதுப்புக்காடு அது. அந்த நிலக்கரி மயோசீனா, இன்னும் பழைய இயோசீனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. குடாநாட்டின் அடித்தளமே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், அதாவது வெதுவெதுப்பான ஆழமில்லாக் கடலின் அடித்தரை. கிணறு வெட்டிப் போட்ட கல்லை உடைந்த பக்கமாக லென்ஸில் பாருங்கள். சிப்பியும் பவளமும் நுண்ணுயிர் ஓடுகளும் தெரியும். கேரளத்தில் வர்க்கலைக் கடற்பாறைச் சரிவும் டெர்ஷியரியின் பின்பகுதியைச் சேர்ந்ததுதான். மணலும் களிமண்ணும் மாறி மாறி வருவதைக் கடற்கரையில் நின்றபடியே எண்ணலாம்.

வயலில் கல்மரம் கிடைத்தால்

வானூர்ப் பக்கம் செம்மண் வெட்டும் இடங்களிலும் கிணறு தோண்டும் இடங்களிலும் இன்னும் கட்டைகள் வெளிவருகின்றன. துண்டுகளை வீட்டு வாசலில் வைப்பதும், அலங்காரத்துக்கென்று விற்பதும் நடக்கிறது. இடம் பெயர்ந்த கட்டை ஊமை. எந்த அடுக்கில், எந்தத் திசையில் தலை வைத்துக் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அதிலிருந்து ஆற்றையும் படிக்க முடியாது, காலத்தையும் படிக்க முடியாது. சின்னச் சில்லாக இருந்தாலும் பூங்காவிலிருந்து எடுக்காதீர்கள், பிள்ளைகளின் பைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் மண்ணைத் தோண்டி விடுவிக்க முயல வேண்டாம். அடிக்கோலை மேலே வைத்து ஒரு படம் எடுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, சுற்றியுள்ள மண் அடுக்கும் சேர்ந்து தெரியும்படி இன்னொரு படம். வெட்டுமுகம் இருந்தால் நனைத்து, அதற்கு நேரே ஒரு படம். நீளவாக்கு எந்தத் திசை நோக்கி இருக்கிறது என்று திசைகாட்டியில் பார்த்து எழுதுங்கள். கைபேசி காட்டும் இருப்பிட எண்களையும் தேதியையும் குறியுங்கள். நிலத்துக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் புவியியல் ஆய்வகத்தின் சென்னை அலுவலகத்துக்கும் இந்தப் படங்களோடு எழுதுங்கள். பதில் வரும்வரை மழையில் அரிக்காமலிருக்க, முன்பே வெட்டிப் போட்டிருந்த மண்ணையே மறுபடி அதன்மேல் தள்ளி மூடி வையுங்கள்.